நூற்றுப் பத்து கிலோமீட்டர்

எங்கள் முதலாளி நாச்சிமுத்து ஒரு பனியன் துணியை நம்புவதற்கு மூன்று நாள் எடுத்துக்கொள்வார். மெஷினிலிருந்து இறங்கிய துணியில் ஒரு துண்டு வெட்டி, துவைத்து, காயப்போட்டு, மறுபடி அளந்து, எவ்வளவு சுருங்குகிறது என்று பார்த்த பிறகுதான் வெட்டச் சொல்வார். கட்டிங் மாஸ்டர் சொன்னாலும் கேட்கமாட்டார், சாயப்பட்டறைக்காரர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் கேட்கமாட்டார். அப்பேர்ப்பட்ட மனிதர், காருக்குள் பச்சை வெளிச்சத்தில் தெரிந்த ஓர் எண்ணை மட்டும் பார்த்த அன்றைக்கே நம்பிவிட்டார். எனக்கு இன்றுவரை ஆறாத வயிற்றெரிச்சல் அது.

என் பெயர் அந்தோணிராஜ். ஊர் சாத்தான்குளம் பக்கம். நானும் என் மனைவி ரோஸ்மேரியும் பனியன் கம்பெனியில் தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் வேலைக்கென்று திருப்பூர் வந்தோம். அவளுக்கு ஒத்துக்கொண்ட பஞ்சுத் தூசி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இருமி இருமி நான் பாதியாகிப் போனதைப் பார்த்து, முதலாளிதான் என்னை வண்டியில் உட்கார வைத்தார். பத்து வருஷம் பழைய அம்பாசிடர் ஓட்டினேன். அதில் டீசல் முள் எப்போதும் செத்துத்தான் கிடக்கும். டேங்கில் குச்சியை விட்டுப் பார்ப்பேன். குச்சி நனைந்தால் கிளம்புவோம், நனையாவிட்டால் பங்க்குக்குப் போவோம். நடுரோட்டில் ஒருநாளும் நின்றதில்லை.

இரண்டாயிரத்து ஏழில் புது வண்டி வந்தது. டீசல் குறைந்தால் மஞ்சள் லைட் எரியும். அது போதாதென்று, இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று ஓர் எண்ணும் காட்டும். முதலாளிக்கு அந்த எண் மேல் ஒரு காதலே வந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். கோயம்புத்தூர் போகும்போதெல்லாம் மைல்கல்லை ஒரு கண்ணால் பார்ப்பார், எண்ணை ஒரு கண்ணால் பார்ப்பார். பத்து கிலோமீட்டர் போனால் அங்கே பத்து குறைந்திருக்கும். ஒருநாள் அவிநாசி வரும்போது அதில் பூஜ்யம் காட்டியது. பங்க்கில் நிறுத்தவே விடவில்லை. பூஜ்யத்திலேயே திருப்பூர் வந்து சேர்ந்தோம். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, முதல் வகுப்பில் பாஸான பையன் முகம்.

லைட்டைப் பற்றி அவருக்கு மரியாதையே கிடையாது. கம்பெனிக்காரன் ஏழெட்டு லிட்டர் மிச்சம் வைத்துத்தான் அதை எரியவிடுகிறான், அது சும்மா பயந்தாங்கொள்ளி, கணக்குத் தெரிந்தது எண்ணுக்குத்தான் என்பார். நானும் தலையாட்டுவேன். படித்தவன் செய்து வைத்தது தப்பாகவா இருக்கும் என்றுதான் எனக்கும் நினைப்பு.

அடுத்த வருஷம் கரண்ட் கட் தொடங்கியது. அந்த இரண்டாயிரத்து எட்டை மறந்த திருப்பூர்க்காரன் இருக்கமாட்டான். இரண்டு மணி நேரம் வரும், மூன்று மணி நேரம் போகும். ஊர் முழுக்க ஜெனரேட்டர் சத்தம். பங்க்குகளில் வண்டிகளைவிடக் கேன்கள்தான் நீளமாக வரிசையில் நின்றன. 'டீசல் இல்லை' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டுவிட்டு ஆட்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள். ஷிப்மென்ட் நாள் நெருங்கும்போது ஜெனரேட்டர் வறண்டு போனால் முதலாளிக்கு மூச்சே நின்றுவிடும். அதனால் தன் காரைப் பற்றி ஓர் உத்தரவு போட்டிருந்தார்.

“டீசல் தீந்துதுன்னா என்ற வண்டியில எடுத்து ஊத்துங்க. அதுக்கு என்னை எழுப்பிக் கேக்க வேண்டாம்.”

எடுப்பது என் வேலை. டேங்கில் ரப்பர் குழாயை விட்டு வாயால் இழுத்துக் கேனில் இறக்குவேன். வாய் முழுக்க டீசல் நாற்றத்தோடு போய் நின்றால் ரோஸ்மேரி காபிகூடக் கொடுக்கமாட்டாள், முதலில் பல் விளக்கு என்பாள். அந்த மாதங்களில் வண்டியின் மஞ்சள் லைட் முக்கால்வாசி நேரம் எரிந்துகொண்டுதான் இருந்தது. அதனால் எரிவதும் எரியாததும் எங்களுக்கு ஒன்றாகிப் போனது.

முதலாளிக்கு ஒரே தங்கை. அமராவதி என்று பெயர். மடத்துக்குளத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புருஷன் இல்லை. மகன் செந்தில்வேல் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். ஆடி மாதத்தில் அந்த அம்மாவுக்கு வயிறு வீங்கியது. கோயம்புத்தூருக்கு நான்தான் கூட்டிப்போனேன். ஈரல் கெட்டுப்போய்விட்டது, ஆறு மாதம் வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். முதலாளி ஆஸ்பத்திரி வாசலிலேயே விரலை மடக்கி எண்ணினார். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை.

“தை வரைக்கும் இருக்குது” என்று என்னிடம் சொன்னார். அழுதுகொண்டேதான் சொன்னார். ஆனாலும் அந்தக் கணக்கில் அவருக்கு ஒரு பிடி கிடைத்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையிலும் தங்கை போன் செய்வார். கார் ஓடிக்கொண்டிருந்தால் ஸ்பீக்கரில் எனக்கும் கேட்கும். எப்போது வருகிறீர்கள் என்று கேட்பதற்கு முன் அந்தம்மா ஊர்க்கதை எல்லாம் பேசுவார். கேட்கக் கூச்சம். கேட்டதும் இவர், இரண்டு நாளில் வந்துவிடுகிறேன் என்பார். பொய்யென்று சொல்லமாட்டேன். சொல்லும்போது போகத்தான் நினைத்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் கரண்ட் நிற்காமல் வரும். அன்றைக்கு மெஷின்களை விட்டுவிட்டு எப்படிப் போவது? மற்ற நாட்களில் கரண்ட் இல்லை, ஜெனரேட்டரைப் பார்க்க வேண்டும். தைக்கு இன்னும் நாள் இருந்தது. ஒன்பது ஞாயிறு இப்படிப் போனது. அந்த ஒன்பது வாரத்தில் வண்டி ஒரு தடவைகூட மடத்துக்குளம் பக்கம் திரும்பவில்லை.

புரட்டாசி மாதம் ஒரு நாள். காலை ஐந்து மணிக்கு ஜெனரேட்டர் இருமிக்கொண்டு நின்றது. நான் வழக்கம்போலக் குழாயைப் போட்டு ஓர் ஐந்து லிட்டர் கேன் நிறைய எடுத்துக் கொடுத்தேன். ஆறரை மணிக்குச் செந்தில்வேலிடமிருந்து போன் வந்தது. அவன் அம்மா விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

முதலாளி கட்டிங் டேபிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. இன்னும் நான்கு மாதம் இருக்கிறதே என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

இந்தப் பக்கத்து வழக்கம் எனக்கு வந்த புதிதில் புரியாது. கட்டிக்கொடுத்த பெண் செத்தால், பிறந்த வீட்டிலிருந்து அண்ணனோ தம்பியோ ஒரு புதுச் சேலை கொண்டுவந்து போர்த்த வேண்டும். கோடி போடுவது என்பார்கள். எத்தனை பேர் எத்தனை மாலை கொண்டுவந்தாலும், அந்தக் கோடி விழாமல் எடுக்கமாட்டார்கள். பிறந்த இடத்திலிருந்து வந்தவளைப் பிறந்த இடம்தான் வழியனுப்ப வேண்டுமாம். கூடப் பிறந்தவன் உயிரோடு இருந்தும் வேறொருவன் கோடி போட்டால், கூடப் பிறந்தவன் செத்ததற்குச் சமம் என்று பேசுவார்கள்.

முதலாளியின் மனைவி சித்ராதேவி அம்மா சொந்தக்காரர்களோடு வேனில் முதலிலேயே கிளம்பிவிட்டார். முதலாளி கோடி எடுத்துக்கொண்டு பின்னால் வருவதாக ஏற்பாடு. பன்னிரண்டு மணிக்கு எடுப்பதாகச் சொன்னார்கள். துணிக்கடை திறக்க ஒன்பதரை ஆனது. ஏதோ ஒரு சேலை எடுத்திருந்தால் பத்து மணிக்குக் கிளம்பியிருக்கலாம். இவர் எடுக்கவில்லை. சின்ன வயதில் தங்கை ஒரு மாம்பழ நிறப் பட்டுக்கு ஆசைப்பட்டதாம், அரக்கு பார்டர் போட்டது, அன்றைக்கு அப்பாவால் முடியவில்லையாம். அந்த நிறம்தான் வேண்டும் என்று கடைகடையாக ஏறி இறங்கினார். மூன்றாவது கடையில் கிடைத்தது. கடைக்காரப் பெண் விசேஷத்துக்காங்க என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். இவர் ஆமாம் என்றார். நான் வெளியே வந்து நின்றுகொண்டேன்.

வண்டியில் ஏறும்போது மணி பதினொன்றே கால். சாவியைத் திருப்பினேன். மஞ்சள் லைட் எரிந்தது. எண் நூற்றுப் பத்து காட்டியது.

பங்க்கில் ஊற்றிக்கொண்டு போய்விடலாம் என்று சொன்னேன். பங்க் வாசலில் கேன் வரிசை ரோடு வரை வந்திருந்தது. எப்படியும் அரைமணி நேரம் ஆகும்.

“மடத்துக்குளம் எழுவத்திரண்டு. கையில நூத்திப்பத்து இருக்குது. நேரம் இல்ல, எடு வண்டிய” என்றார்.

எனக்கு அந்த நிமிஷம் விடிகாலை எடுத்த ஐந்து லிட்டர் ஞாபகம் வந்தது. வந்தது என்பதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால், நாம் எடுத்ததையும் கழித்துத்தானே வண்டி இந்த எண்ணைக் காட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சேலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் டீசல் பேச்சு பேச வாய் வரவில்லை. ஒரு குச்சியை விட்டுப் பார்த்திருந்தால் ஒரு நிமிஷ வேலை. அது தோன்றவில்லை. புது வண்டிக்கு எதற்குக் குச்சி?

பல்லடம் தாண்டினோம். எண் தொண்ணூற்றைந்து. லைட் எரிந்துகொண்டே இருந்தது. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் காற்றாலைகள் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. இத்தனை சுற்றியும் நமக்குக் கரண்ட் இல்லையே என்று வழக்கமாகத் திட்டுவார். அன்றைக்குத் திட்டவில்லை. சேலைப் பையின் கைப்பிடியை முறுக்குவதும் விடுவதுமாக இருந்தார். நடுவில் ஒரு தரம், சின்ன வயதில் தங்கையைச் சைக்கிளில் முன்னால் வைத்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனதைச் சொன்னார். காலைச் சக்கரத்தில் விட்டுக்கொள்ளுமாம். அதற்குப் பிறகு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

குடிமங்கலம் நால்ரோடு தாண்டி இரண்டு கிலோமீட்டர் போயிருப்போம். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. ஆக்சிலேட்டரை மிதித்தேன், இழுக்கவில்லை. அப்படியே ஓரத்துக்கு உருண்டு போய் ஒரு வேப்ப மரத்தடியில் நின்றது. மணி பன்னிரண்டரை. கண்ணாடிக்குள் எண் அறுபத்தாறு என்று பச்சையாகச் சிரித்துக்கொண்டிருந்தது. போக வேண்டியது இருபத்தெட்டு.

முதலாளி எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“அறுவத்தாறு இருக்குதே அந்தோணி.”

அப்போது போன் அடித்தது. செந்தில்வேல். மாமா எங்கே வந்திருக்கிறீர்கள் என்று கேட்டிருப்பான்.

“உடுமலைகிட்ட வந்துட்டேன் மாப்ள. இருவது நிமிசத்துல வந்தர்றேன்” என்றார் முதலாளி.

போனை வைத்ததும் நான் கேட்டேன், அவர்களிடம் உண்மையைச் சொன்னால் அங்கிருந்து யாராவது வந்து கூட்டிப்போவார்களே என்று. பன்னிரண்டு வருஷத்தில் என்னிடம் அவர் குரல் உயர்ந்தது அன்றைக்குத்தான்.

“நூறு மெஷின் வெச்சிருக்கறவன் டீசல் போடாம நடுரோட்டுல நிக்கறான்னு சாவூட்டுல சொல்லச் சொல்றியா? ஒம்போது வாரமா வராதவன், இன்னைக்கும் இப்புடித்தான்னு சொல்லுவாங்க. போய் டீசல் கொண்டா.”

பழனி போகும் பஸ் ஒன்று எங்களைக் கடந்து போனது. மடத்துக்குளம் வழியாகத்தான் போகும். நான் கையைத் தூக்கிவிட்டு அவரைப் பார்த்தேன். இதோ கிளம்பிவிடும் வண்டியை விட்டுவிட்டு எதற்கு பஸ் என்றார். கையை இறக்கிக்கொண்டேன்.

ஒரு மொபெட்காரன் என்னைக் குடிமங்கலம் பங்க்குக்குக் கூட்டிப்போனான். அங்கே அட்டை தொங்கியது. டீசல் இல்லை. திரும்பி வரும் வழியில் ஒரு தோட்டத்தில் ஆயில் இன்ஜின் ஓடும் சத்தம் கேட்டு இறங்கினேன். நாற்பது வயதிருக்கும் ஒரு பெண், முழங்கால் வரை சேறு, மக்காச்சோளத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“பொறந்தவன் கோடியா?” என்றவர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, ஓடுகிற இன்ஜினை நிறுத்தினார். சாளை என்கிற தோட்டத்து வீட்டுக்குள் வைத்திருந்த கேனை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். இருப்பதே அவ்வளவுதான் என்பது கேனைப் பார்த்ததும் தெரிந்தது. வாய்க்காலில் தண்ணீர் பாதியில் நின்றுவிட்டது. பெயர் ரங்காத்தாள் என்று மொபெட்காரன் பிறகு சொன்னான். நான் கிளம்பும்போது அவர் ஒன்று கேட்டார்.

“ஏனுங்க, மடத்துக்குளத்துல இருந்து ஒரு வண்டிய வரச் சொன்னா ஆகாதுங்களா? இத்தன நேரம் வந்திருப்பாங்களே.”

மொபெட்டில் ஏறிவிட்டேன்.

பெட்ரோல் வண்டியாக இருந்தால் ஊற்றியதும் கிளம்பியிருக்கும். டீசல் வண்டி காலியாகி நின்றால் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். அந்தக் காற்று முழுவதும் வெளியேறாமல் இன்ஜின் பிடிக்காது. பானெட்டைத் திறந்து, கைப்பம்பை அமுக்கி அமுக்கி, நட்டைத் தளர்த்தி நுரை போகிறதா என்று பார்த்து, மறுபடி இறுக்கி, ஸ்டார்ட் அடித்து, பிடிக்காமல், மறுபடி முதலிலிருந்து. இரண்டாவது போன் வந்தது ஒரு மணி ஐந்துக்கு. முதலாளி பானெட்டைத் தாண்டி ரோட்டைப் பார்த்துக்கொண்டு, இருபது நிமிஷம் என்றார். மூன்றாவது போன் ஒன்றே முக்காலுக்கு. கரண்ட் இல்லாமல் ஐஸ் பெட்டி வேலை செய்யவில்லை, வெயில் தாங்கவில்லை மாமா என்று அவன் சொல்வது நின்ற இடத்தில் எனக்கே கேட்டது.

“இதா வந்துட்டேன். இருவது நிமிசம்” என்றார் முதலாளி.

அந்த நேரத்தில் அவரைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது, இரக்கம் வரவில்லை. என் கையெல்லாம் டீசல். விரலில் வெட்டுப்பட்டு ரத்தம். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பம்பை அமுக்கினேன். அப்புறம் நிமிர்ந்து பார்த்தேன். புரட்டாசி வெயிலில் தலையில் துண்டுகூட இல்லாமல், ஐம்பத்தைந்து வயது மனிதர் சேலைப் பையை நெஞ்சோடு சேர்த்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பையில் வெயில் படக்கூடாது என்று உடம்பைத் திருப்பி நிழல் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டே முக்கால் மணிக்கு இன்ஜின் பிடித்தது. அதற்குப் பிறகு போன் வரவில்லை. உடுமலையில் இவரே செந்தில்வேலுக்குப் போட்டார். எடுக்கவில்லை. சித்ராதேவி அம்மாவுக்குப் போட்டார். அதுவும் எடுக்கவில்லை. எண்பதில் போனேன், தொண்ணூறில் போனேன். வேகமாகப் போ என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

வீட்டு வாசலில் பந்தல் இருந்தது. பந்தலுக்கடியில் காலி நாற்காலிகள். இரண்டு பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். எடுத்த பிறகுதான் கழுவுவார்கள். அந்த ஈரத்தைப் பார்த்ததும் முதலாளி கதவைத் திறக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். சித்ராதேவி அம்மா வெளியே வந்து கார்க் கண்ணாடியில் கையை வைத்து, ஆற்றங்கரைக்குப் போங்கள் என்று மட்டும் சொன்னார். புருஷனைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சிதை நன்றாகப் பிடித்து எரிந்துகொண்டிருந்தது. ஆட்கள் ஆற்றில் முழுகிவிட்டு ஈர வேட்டியோடு கரையேறிக்கொண்டிருந்தார்கள். முதலாளி பையிலிருந்து சேலையை எடுத்து இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நேராகத் தீயை நோக்கி நடந்தார். சுடுகாடு பார்க்கும் வெள்ளையன்தான் தடுத்துப் பிடித்தார். இனிமேல் தீயில்தான் விழும், அம்மா மேல் விழாது சாமி, வேண்டாங்க என்றார். முதலாளி மாம்பழ நிறச் சேலையோடு அங்கேயே நின்றார். அனல் பட்டு அவர் சட்டை பின்னால் பறந்தது.

மொட்டை போட்ட தலையோடு செந்தில்வேல் வந்தான். கோபம் இல்லை அவன் முகத்தில். அழுது அழுது வீங்கியிருந்தது. இரண்டு மணி வரைக்கும் எடுக்கவிடாமல் பிடித்து வைத்திருந்தானாம். பெரியவர்கள் சத்தம் போட்ட பிறகு, பிறந்த வீட்டு வழியில் தூரத்துப் பங்காளி ஒருவர் உள்ளூர்க் கடையில் எடுத்த நூல் சேலையைப் போட்டிருக்கிறார். மாமாவுக்கு வழியில் என்ன ஆனது என்று கேட்டான். நான்தான் சொன்னேன், பன்னிரண்டரைக்கே டீசல் தீர்ந்து குடிமங்கலத்தில் நின்றுவிட்டோம் என்று.

செந்தில்வேல் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“நம்ம பக்கத்தூட்டுத் தவசி காரு காலையில இருந்து வாசல்லயே நின்னுதுங்க மாமா. டீசல் இல்லீன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ஒன்றரைக்கெல்லாம் கூட்டிட்டு வந்திருப்பமுங்க.”

முதலாளி மணலில் உட்கார்ந்துவிட்டார்.

செத்தவருக்கென்று எடுத்த சேலையை உயிரோடு இருக்கும் யாரும் கட்டமாட்டார்கள். கடையிலும் திருப்பி வாங்கமாட்டார்கள். அதனால் அது எங்களோடே காருக்குத் திரும்பி வந்தது. உடுமலையில் ஒரு பங்க்கில் டீசல் இருந்தது. டேங்கை நிறைத்தேன். எண் அறுநூற்று எண்பது காட்டியது. முதலாளி அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதை மறைத்துவிடச் சொன்னார். பனியனில் ஒட்டும் சைஸ் ஸ்டிக்கர் சுருள் ஒன்று டேஷ்போர்டில் கிடந்தது. அதில் மூன்று கிழித்து ஒட்டினேன். மஞ்சள் லைட் இருக்கும் இடத்தை விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு மெக்கானிக் சொன்னான், இந்த மாதிரி வண்டி இன்ஜின் குடிப்பதைத்தான் கணக்கு வைக்குமாம். நிறுத்தி வைத்திருக்கும்போது கொஞ்சமாக எடுத்தால் அதற்குத் தெரியாதாம், பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருக்குமாம். சரியோ தப்போ, அவன் சொன்னது அப்படி. லைட் அப்படி இல்லை, டேங்குக்குள் இருப்பதைப் பார்த்து எரிவது என்றான். அன்றைக்குக் காலையிலிருந்து அது உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

பல்லடம் வருவதற்கு முன் நான் வண்டியை ஓரம் கட்டினேன். சொல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது என்று தோன்றியது.

“மொதலாளி, காலையில அஞ்சு மணிக்கு அஞ்சு லிட்டர் எடுத்தது நான்தான். வண்டி எடுக்கும்போதே எனக்கு ஞாபகம் வந்துச்சு. சொல்லாம விட்டுட்டேன்.”

அவர் மடியில் இருந்த சேலை மேல் கை வைத்திருந்தார். எடுக்கச் சொன்னது நாந்தான என்றார். பிறகு வேறு எதையோ நினைத்துக்கொண்டு கேட்டார்.

“செந்திலு உன்னைத் தனியாக் கூப்புட்டுப் பேசுனானே. அமராவதி என்னப் பத்தி ஏதாச்சும் சொல்லிச்சாமா?”

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டான், அவ்வளவுதான் மொதலாளி என்றேன். அவர் நம்பினாரா என்று தெரியாது. தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்போதுதான் சத்தம் வராமல் அழ ஆரம்பித்தார். நான் வண்டியை எடுத்தேன்.

செந்தில்வேல் தண்ணீர் கொடுக்கத்தான் கூப்பிட்டான். கொடுத்துவிட்டு, மாமாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு ஒன்றைச் சொன்னான். அவர் இரண்டு நாளில் வருகிறேன் என்று சொன்ன ஒவ்வொரு தடவையும், மூன்றாம் நாள் காலையில் அவன் அம்மா தலை வாரி, சேலை மாற்றிக்கொண்டு வாசலுக்கு நேராக நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்திருப்பாராம். கடைசி வாரம் நாற்காலி வேண்டாம் என்றுவிட்டாராம். அவன் மாமாவைத் திட்டியிருக்கிறான். அதற்கு அந்தம்மா சொன்ன பதிலை இத்தனை வருஷமாக நான் முதலாளியிடம் சொன்னதில்லை. இன்றைக்கும் நான்தான் அவருக்கு வண்டி ஓட்டுகிறேன்.

“இப்ப வராட்டிப் போறாங்க கண்ணு. கோடி எடுத்துட்டு வந்துருவாங்க. அதுக்கு மட்டும் எங்கண்ணன் நேரம் தப்ப மாட்டாங்க.”